எரிந்த சுருளும் எழுதிய கையும்



எபிரேயத் தீர்க்கதரிசனத்தில் விடாமுயற்சியும் நீதியும் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தீர்க்கதரிசிகள் எல்லாரையும் ஒரே மாலைப்பொழுதில் வரிசையாக நிறுத்திப் பார்ப்பதில் பயனில்லை. எரேமியாவோடு நின்றுகொள்கிறேன். அவர் காலத்தவரான ஆபகூக்கைக் கொஞ்சம் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன்.

முதலில் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நம் பிரசங்க பீடங்களில் பொறுமையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். யாரைப் பார்த்துப் பேசினோம்? கூலி வராதவரை, நிலம் பறிபோனவரை, வழக்கு இழுத்தடிக்கப்பட்டவரைப் பார்த்துத்தான் பெரும்பாலும் பேசினோம். எரேமியா புத்தகத்தில் 52 அதிகாரங்கள் இருக்கின்றன. ஒடுக்கப்பட்ட ஒருவரிடம் போய்ப் பொறுத்துக்கொள் என்று அவர் சொன்ன இடம் அவற்றில் ஒன்றுகூட இல்லை. பாடு சுமக்கிறவனிடம் பொறுமையைக் கேட்காமல், அவனுக்காகக் கேட்கும் பொறுப்பைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு, மறுக்கப்பட்ட பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தவர் அவர். விடாமுயற்சி யாருடைய கடமை என்பதே இந்தச் சொற்பொழிவின் விஷயம்.

எரேமியா எந்த நாட்டில் பேசினார் என்று தெரிந்துகொள்ள, வேதத்துக்கு வெளியே இருக்கிற ஒரு பானை ஓட்டைப் பார்ப்போம். 1960இல் யோசேப் நாவே என்ற இஸ்ரேலிய ஆய்வாளர், யாப்பாவுக்குத் தெற்கே, கடற்கரையோரமாக மெசாத் ஹஷவ்யாகு என்று இன்று அழைக்கப்படும் சிறு கோட்டையில் அகழாய்வு செய்தார். அங்கே மையால் எழுதப்பட்ட எபிரேய ஓடு ஒன்று துண்டுகளாகக் கிடைத்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி, அதாவது எரேமியாவின் இளமைக்காலம். அது ஓர் அறுவடைக் கூலியாளின் முறையீட்டு மனு. அவனுக்கு எழுதத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவன் சொல்லச் சொல்லக் கோட்டை எழுத்தர் யாரோ எழுதியிருக்க வேண்டும். ஒரே சங்கதியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். எனக்கு வைத்த அளவை நான் அறுத்து முடித்தேன், களஞ்சியத்திலும் சேர்த்தேன், அதற்குப் பிறகு ஓசாயாகு என்ற மேற்பார்வையாளன் வந்து என் மேலாடையைப் பறித்துக்கொண்டு போனான், சுடுவெயிலில் என்னோடு அறுத்தவர்கள் எல்லாரும் எனக்குச் சாட்சி, என்மேல் குற்றமில்லை, ஆடையைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், உங்களுக்கு அது கடமை இல்லையென்றாலும் இரக்கப்பட்டாவது செய்யுங்கள். இவ்வளவுதான் மனு. அவன் பெயர் ஓட்டில் இல்லை. ஆடை திரும்பக் கிடைத்ததா என்பதற்கும் பதிவு இல்லை.

அது வெறும் மேலாடைதானே என்று கேட்கலாம். யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில் இதே மேலாடைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. ஏழையின் மேலாடையை அடமானமாக வாங்கினால், பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரவில் போர்த்திக்கொள்ள அவனுக்கு அதைவிட்டால் வேறு துணி கிடையாது. அவன் முறையிட்டால் தேவன் கேட்பார். எரேமியாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னே ஆமோஸ், அப்படிப்பட்ட அடமானத் துணிகளை விரித்துப் பலிபீடங்களின் பக்கத்தில் படுத்துக்கிடக்கிறவர்களைச் சாடியிருக்கிறார். தீர்க்கதரிசிகள் நீதி என்று சொல்லும்போது அவர்கள் கண்முன் நின்றது இப்படி ஒரு போர்வையும், அறுத்த கதிருக்குரிய கூலியும், நகரவாசலில் நடக்கும் ஒரு வழக்கும்தான். அந்த அளவுக்கு அது கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய காரியம்.

இப்போது அரசனிடம் வருவோம். யூதாவின் அரசன் யோசியா கி.மு. 609இல் மெகிதோவில் எகிப்தியர் கையில் மாண்டான். எகிப்தியரே அவன் மகன் யோயாக்கீமை அரியணையில் உட்காரவைத்து, கப்பமும் விதித்தார்கள். நாட்டு மக்களிடம் வெள்ளியும் பொன்னும் வரியாகத் தண்டப்பட்ட அதே ஆட்சியில், அவன் தனக்கு ஒரு மாளிகை கட்டினான். விசாலமான மேல்வீடு, அகன்ற பலகணிகள், கேதுருப் பலகை, அதன்மேல் சாதிலிங்கச் சிவப்பு. கட்டியவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. எரேமியா 22ஆம் அதிகாரத்தில் அரசனின் முகத்துக்கு நேரே இதைச் சொல்கிறார். உன் தகப்பனும் உண்டான், குடித்தான், நன்றாகத்தான் வாழ்ந்தான். ஆனால் ஏழை எளியவனின் வழக்கை எடுத்து நியாயம் செய்தான். என்னை அறிவது என்பது அதுதானே என்று ஆண்டவர் கேட்பதாகச் சொல்கிறார்.

இந்த இடத்தை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். கடவுளை அறிவதற்கு ஜெபம், தியானம், வேதவாசிப்பு என்று பல வழி சொல்கிறோம். எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எரேமியா இங்கே ஏழையின் வழக்கைத் தீர்ப்பதைக் கடவுளை அறிந்ததன் பலன் என்றோ, அடுத்த படி என்றோ சொல்லவில்லை. அதுவே அறிவு என்கிறார். கிறிஸ்தவ இறையியல் இதைவிடத் துணிச்சலான ஒரு வரையறையை இன்றுவரை எழுதவில்லை என்பது என் கருத்து.

யோயாக்கீமின் நான்காம் ஆண்டில், அதாவது கி.மு. 605இல், எரேமியா ஒரு கணக்குச் சொல்கிறார். யோசியாவின் பதின்மூன்றாம் ஆண்டு முதல் 23 ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் கேட்கவில்லை என்கிறார். ஒரு மனிதரின் இளமை முழுவதும் போய்விட்ட கணக்கு அது. அந்த ஆண்டில்தான் எல்லாவற்றையும் ஒரு சுருளில் எழுதும்படி அவருக்குக் கட்டளை வருகிறது. அவர் சொல்ல, அவருடைய எழுத்தரான பாருக் எழுதுகிறார். எரேமியாவுக்கு ஆலயத்துக்குள் போக முடியாதபடி தடை. ஆகவே மறு ஆண்டு ஒன்பதாம் மாதம், ஊரெல்லாம் உபவாசம் இருந்த ஒரு நாளில், பாருக் அதை ஆலயத்தில் மக்கள் காதுகேட்க வாசிக்கிறார். அந்த உபவாசத்துக்குக் காரணம் என்ன? பாபிலோனிய வரலாற்றுப் பலகை ஒன்று, நேபுகாத்நேச்சார் அதே மாதத்தில் கடற்கரை நகரம் ஒன்றைப் பிடித்து அழித்ததாகச் சொல்கிறது. பெரும்பாலான ஆய்வாளர்கள் அந்த நகரத்தின் பெயரை அஸ்கலோன் என்று வாசிக்கிறார்கள். அஸ்கலோன் எருசலேமிலிருந்து எட்டிவிடும் தூரந்தான். பயத்தில் கூடிய கூட்டத்துக்கு முன்னால் வாசிக்கப்பட்ட சுருள் அது.

பிறகு சுருள் அரண்மனைக்குப் போகிறது. குளிர்காலம். அரசன் குளிர்கால மாளிகையில் உட்கார்ந்திருக்கிறான். எதிரே கணப்பு எரிகிறது. யெகுதி என்ற அதிகாரி வாசிக்கிறான். மூன்று நான்கு பத்திகள் முடிந்ததும், அரசன் எழுத்தரின் சிறு கத்தியால் அந்தப் பகுதியை அறுத்துக் கணப்பில் போடுகிறான். மறுபடி வாசிப்பு, மறுபடி அறுப்பு, மறுபடி நெருப்பு. கோபத்தில் கிழித்து எறிந்திருந்தால்கூட ஒருவகையில் மன்னிக்கலாம். இவன் ஒவ்வொரு பகுதியையும் கேட்டுவிட்டு எரிக்கிறான். சுருள் முழுவதும் தீரும்வரை அப்படியே நடக்கிறது. அங்கிருந்த யாரும் பதறவில்லை என்று எழுதியிருக்கிறது. எல்நாத்தான், தெலாயா, கெமரியா என்ற மூன்று பேர் மட்டும் எரிக்க வேண்டாம் என்று கெஞ்சினார்கள்.

கெமரியாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் தகப்பன் சாப்பான். யோசியாவின் பதினெட்டாம் ஆண்டில், ஆலயத்தில் கண்டெடுத்த நியாயப்பிரமாண நூலை அரசனுக்கு வாசித்துக் காட்டிய எழுத்தர் அந்தச் சாப்பான்தான். அன்று வாசிப்பைக் கேட்ட யோசியா தன் உடையைக் கிழித்துக்கொண்டான். ஏறத்தாழ 18 ஆண்டு கழித்து, வாசித்தவரின் மகன் கெஞ்ச, கேட்டவனின் மகன் சுருளைக் கிழித்துக்கொண்டிருக்கிறான். கெமரியாவின் சகோதரரான அகீக்காம்தான், முன்பு ஆலயம் அழியும் என்று ஆலயத்திலேயே செய்த பிரசங்கத்துக்காக எரேமியாவைக் கொல்லத் துடித்த கூட்டத்திலிருந்து அவரைக் காப்பாற்றியவர். அதே பேச்சைப் பேசிய உரியா என்ற தீர்க்கதரிசிக்கு அப்படி யாரும் இல்லை. எகிப்துவரை ஆள் அனுப்பிப் பிடித்துக்கொண்டுவந்து யோயாக்கீம் அவரை வெட்டிக் கொன்றான். எரேமியா நாற்பது ஆண்டு நிலைத்து நின்றார் என்று பாராட்டும்போது, அவரை உயிரோடு வைத்திருந்த ஒரு குடும்பத்தையும் சேர்த்தே நினைக்க வேண்டும். தனிமனித வீரத்தால் மட்டும் அந்த ஊழியம் நடக்கவில்லை.

சுருள் எரிந்த பிறகு என்ன நடந்தது? பாருக் இன்னொரு சுருள் எடுத்தார். எரேமியா மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். எரிந்தது முழுவதும் எழுதப்பட்டது. அதோடு அதே போன்ற வேறு பல வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன என்று அந்த அதிகாரம் முடிகிறது. அந்தக் கடைசிக் குறிப்பை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருமுறை பட்டால் அடுத்தமுறை குரலைத் தாழ்த்துவது, கடுமையான பகுதியை நீக்குவது, ஆட்சியாளரின் மனம் நோகாதபடி திருத்துவது என்பதெல்லாம் நமக்கு நன்றாகத் தெரிந்த வழிகள். இரண்டாம் சுருள் முதல் சுருளைவிடக் கூடுதலாக இருந்தது.

1982இல் எருசலேமின் பழைய தாவீதின் நகரப் பகுதியில் இகால் ஷிலோ நடத்திய அகழாய்வில், கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் கொளுத்திய ஒரு வீட்டிலிருந்து 51 களிமண் முத்திரைகள் கிடைத்தன. சுருள்களைக் கட்டி அவற்றின்மேல் பதிக்கும் முத்திரைகள் அவை. அவற்றில் ஒன்றில் சாப்பானின் மகன் கெமரியாகு என்ற பெயர் இருக்கிறது. அரசனிடம் கெஞ்சிய அதே கெமரியாவாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. நகரம் எரிந்தபோது ஏடுகள் சாம்பலாயின. களிமண் முத்திரைகள் மட்டும் அந்த நெருப்பிலேயே சுடப்பட்டு இறுகிப்போய் நம் கைக்கு வந்திருக்கின்றன.

எரேமியாவைக் கல்லாய்ச் சமைந்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. பஸ்கூர் என்ற ஆசாரியன் அவரை அடித்துத் தொழுமரத்தில் மாட்டினான். விடுபட்ட பிறகு அவர் கடவுளிடம் பேசிய பேச்சு, நம் ஆராதனைப் புத்தகங்களில் இடம்பெறாது. என்னை ஏமாற்றிவிட்டீர் என்கிறார். பிறந்த நாளைச் சபிக்கிறார். வேறோர் இடத்தில் தேவனையே வற்றிப்போகிற ஓடைக்கு ஒப்பிடுகிறார். பேசாமலிருக்கலாம் என்று முயன்றும் முடியவில்லை, எலும்புக்குள் தீயாய் எரிகிறது என்கிறார். அவருடைய விடாமுயற்சிக்குள் கடவுளோடு போட்ட சண்டையும் அடங்கியிருக்கிறது. துன்மார்க்கர் ஏன் செழிக்கிறார்கள் என்ற கேள்வியை அவர் பரலோகத்திலும் விடவில்லை, பூமியிலும் விடவில்லை.

அடுத்து வருவது எருசலேமின் கடைசி முற்றுகை. சிதேக்கியா அரசன். யூதாவின் அரணான நகரங்களில் லாகீசும் அசெக்காவும் மட்டுமே மிஞ்சியிருந்தன என்று எரேமியா 34 சொல்கிறது. 1935இல் ஸ்டார்க்கி என்ற ஆங்கிலேயர் லாகீசில் கண்டெடுத்த ஓட்டுக் கடிதங்களில் ஒன்று, லாகீசின் தீ அடையாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவைக் காண முடியவில்லை என்கிறது. அந்தப் பதற்றத்தில்தான் நகரத்துச் செல்வர்களுக்கு நியாயப்பிரமாணம் நினைவுக்கு வந்தது. ஆறு ஆண்டு வேலை செய்த எபிரேய அடிமையை ஏழாம் ஆண்டில் விடுதலை செய்ய வேண்டும் என்ற சட்டத்தை ஒருவரும் பின்பற்றாமல் தலைமுறைகள் கடந்திருந்தன. இப்போது ஆலயத்தில் உடன்படிக்கை செய்து, கன்றுக்குட்டியை இரண்டாகப் பிளந்து, துண்டுகளின் நடுவே நடந்து, எல்லாரையும் விடுதலை செய்தார்கள்.

அப்போது எகிப்தியப் படை புறப்பட்டு வந்தது. பாபிலோனியர் முற்றுகையைத் தற்காலிகமாக விலக்கிக்கொண்டார்கள். எருசலேம் மூச்சுவிட்டது. மூச்சு வந்தவுடன், விடுதலை செய்த ஆண்களையும் பெண்களையும் திரும்பப் பிடித்து அடிமையாக்கிக்கொண்டார்கள்.

வேதாகமத்தில் எனக்கு மிகவும் வலி தரும் பகுதிகளில் இது ஒன்று. சில வாரங்களோ மாதங்களோ சுதந்தரமாய் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் எங்கே போய்த் தங்கினார்கள், என்ன வேலை தேடினார்கள், பிள்ளைகளுக்கு என்ன சொன்னார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எரேமியாவின் தீர்ப்பு மட்டும் இருக்கிறது. நீங்கள் விடுதலை கூறாதபடியால் உங்களுக்கு நான் விடுதலை கூறுகிறேன், பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் என்று ஆண்டவர் பெயரால் சொன்னார். மறுக்கப்பட்ட நீதிக்காகக் கேட்பது கடினந்தான். கொடுத்த நீதியை ஆபத்து நீங்கிய பிறகும் காத்து நிற்பது அதைவிடக் கடினம். விடாமுயற்சி இல்லாத நீதி எப்படி இருக்கும் என்பதை இந்த அதிகாரம் காட்டுகிறது: முற்றுகை விலகும்வரை இருக்கும்.

அதே முற்றுகையில், போர்வீரரின் கைகளைத் தளரச் செய்கிறான் என்று குற்றம் சாட்டிப் பிரபுக்கள் எரேமியாவைத் துரவில் இறக்கினார்கள். தண்ணீர் இல்லை, உளை மட்டும். அவரைத் தூக்கியெடுத்தவன் எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியன், அரண்மனைப் பணியாளன், அந்நியன். பென்யமீன் வாசலில் அரசன் உட்கார்ந்திருந்தபோது நேரே போய், இவர்கள் செய்தது தீமை என்று சொன்னான். அனுமதி கிடைத்ததும் உடனே கயிற்றை வீசிவிடவில்லை. பொக்கிஷ அறையின் கீழே கிடந்த கந்தைகளையும் கிழிந்த பழந்துணிகளையும் எடுத்துவந்து இறக்கி, அவற்றை அக்குளில் வைத்து அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளச் சொன்னான். கயிறு தோலை அறுத்துவிடக் கூடாது என்ற கவலை அவனுக்கு. யூதாவின் பிரபுக்களில் ஒருவருக்கும் இல்லாத கவலை.

இனி ஆபகூக். நாம் சீர்திருத்தத் திருச்சபையின் பிள்ளைகள். நீதிமான் விசுவாசத்தினால் பிழைப்பான் என்ற கருத்தை ரோமர், கலாத்தியர், எபிரெயர் என்ற மூன்று நிருபங்களிலும் படித்திருக்கிறோம். லூத்தரின் வாழ்க்கையோடு சேர்த்தும் கேட்டிருக்கிறோம். அது முதலில் எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது? எத்தனை காலம் கூப்பிடுவேன், கொடுமை என்று கத்தியும் நீர் இரட்சிக்கவில்லையே, பிரமாணம் செயலற்றுக் கிடக்கிறதே, நியாயம் ஒருபோதும் வெளிப்படவில்லையே என்று ஆபகூக் கேட்ட கேள்விக்கு வந்த பதில் அது. கேட்டுவிட்டுக் காவல்கோபுரத்தில் ஏறி நின்று பதிலுக்காகக் காத்திருந்தார். பவுல் அந்தப் பதிலை எடுத்து ஆழப்படுத்தியது சரி. நாம் செய்தது வேறு. பதிலைச் சுவரில் எழுதி மாட்டிவிட்டுக் கேள்வியைக் கழற்றி வைத்துவிட்டோம்.

நம் ஆண்டவர் அந்தக் கேள்வியைக் கழற்றவில்லை. சோர்ந்துபோகாமல் ஜெபிக்க வேண்டும் என்று சொல்ல லூக்கா 18இல் அவர் எடுத்துக்கொண்ட உவமையைப் பாருங்கள். அநீதியான நீதிபதியின் வாசலில் ஓயாமல் வந்து நிற்கிற விதவை. அவள் கேட்டது மனஆறுதல் அன்று, எதிராளியிடமிருந்து நியாயம். உவமை முடிந்ததும், மனுஷகுமாரன் வரும்போது பூமியில் விசுவாசத்தைக் காண்பாரோ என்று கேட்கிறார். அந்த விதவையின் பிடிவாதத்தையே விசுவாசத்தின் அடையாளமாக வைக்கிறார் என்றுதான் நான் வாசிக்கிறேன். ஆலயத்தைத் துப்புரவாக்கிய நாளில் அவர் எடுத்தாண்டது எரேமியாவின் ஆலயப் பிரசங்கத்தை. கடைசி இராப்போஜனத்தில் பாத்திரத்தை எடுத்தபோது பேசியது எரேமியா 31இன் புதிய உடன்படிக்கையை. எரேமியாவைத் துரவிலிருந்து தூக்க ஒருவன் வந்தான். இயேசுவைச் சிலுவையிலிருந்து இறக்க உயிரோடிருக்கும்வரை ஒருவரும் வரவில்லை. தேவன் அவரை எழுப்பினார் என்பதே நம் அறிக்கை. மறுக்கப்பட்ட தீர்ப்பைத் தேவனே திருப்பி எழுதினார் என்பது அதன் பொருள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. தீர்க்கதரிசிகளின் கடுஞ்சொற்களை எடுத்து, பாருங்கள் யூதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பிரசங்கிப்பது சபை வரலாற்றில் பெரும் பாவங்களுக்கு வழிசெய்திருக்கிறது. எரேமியா தன் சொந்த ஜனத்தைக் கண்டித்தார், அவர்களோடு பசித்தார், அவர்களுக்காக அழுதார். அந்தச் சொற்களைத் தம் வேதமாகக் காத்து நமக்குத் தந்தவர்களும் அவர்களே. நாம் அவற்றை வாசிக்கும்போது விரல் நம் பக்கமே திரும்ப வேண்டும்.

எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருந்தபோது ஒரு நிலம் வாங்கினார். சொந்த ஊரான ஆனதோத்தில் அவர் தகப்பனின் சகோதரர் மகனுடைய நிலம். விலை 17 சேக்கல் வெள்ளி, இன்றைய நிறையில் 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. வெள்ளியைத் தராசில் நிறுத்தார், சாட்சிகளை வைத்தார், முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று என இரண்டையும் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். நகரம் விழப்போகிறது என்று நாற்பது ஆண்டு சொன்னவர், விழும் தறுவாயில் பத்திரம் பதிகிறார். இந்த நாட்டில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் வாங்கப்படும் என்பது அவருக்கு வந்த வாக்கு. அதைக் காண அவர் இருக்கவில்லை. விருப்பத்துக்கு மாறாக எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அவர் இறந்தது எங்கே, எப்போது என்று வேதம் சொல்லவில்லை.

1943 ஆகஸ்டில், பெர்லின் தேகல் சிறையிலிருந்து ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில் எரேமியாவின் இந்த வாக்கை நினைவுபடுத்தினார். குண்டுவீச்சுக்கு நடுவே திருமணம் பற்றி நினைப்பதே எதிர்காலத்தின்மேல் வைக்கும் நம்பிக்கை என்ற பொருளில் எழுதினார். 1945 ஏப்ரல் 9 அன்று நாஜிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்தத் திருமணம் நடக்கவில்லை. விசுவாசத்தை விளைவைக் கொண்டு அளக்கிறவர்களுக்கு எரேமியாவும் போன்ஹோஃபரும் தோற்றவர்களே. நான் அப்படி அளக்கவில்லை.

முன்வரிசையில் ஆயர்களாகப் போகும் மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வரும். நெல்லும் வாழைத்தாரும் தேங்காயும் கோழியும் காணிக்கையாக வந்து குவியும். ஏலம் உற்சாகமாக நடக்கும். அது நல்ல பண்டிகை, அதை நடத்துங்கள். அன்றைக்கு யாக்கோபு நிருபம் 5ஆம் அதிகாரத்தின் முதல் ஆறு வசனங்களையும் ஆராதனையில் வாசியுங்கள். வயலை அறுத்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று அங்கே இருக்கிறது. இந்தக் காணிக்கை வந்த வயல்களில் வேலை செய்தவர்களுக்குக் கூலி தீர்ந்துவிட்டதா என்று சபையாரிடம் கேளுங்கள். கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறவருக்கும், சபை நடத்தும் பள்ளியில் சமைக்கிறவருக்கும் நியாயமான சம்பளம் போகிறதா என்று கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். முதல் ஆண்டு பதில் வராது. இரண்டாம் ஆண்டும் கேளுங்கள், கூடுதலாகச் சில கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள்.